பழைய கல்லில் புதிய கை

(போத்தனூரில் நடந்த மாலைக் கூட்டம் ஒன்றில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)



ரோமானியர்கள் வடித்த பளிங்குச் சிலைகளையும், பின்னால் வந்தவர்கள் அவற்றைப் பழுதுபார்த்த கதையையும் பேசச் சொல்லி அழைத்திருக்கிறீர்கள். போத்தனூரில் உட்கார்ந்துகொண்டு ரோமாபுரிச் சிலையைப் பேசுவானேன் என்று சிலருக்குத் தோன்றலாம். இந்த ஊருக்கு அந்தப் பேச்சில் பங்கு உண்டு. இதோ பக்கத்தில் வெள்ளலூர். அந்த மண்ணில் 1842இல் ஒரு முறை, 1891இல் ஒரு முறை, 1931இல் ஒரு முறை என்று ரோமானிய வெள்ளிக் காசுகள் புதையலாக வெளிப்பட்டன. பெரும்பாலானவை அகஸ்டஸ், டைபீரியஸ் என்ற இரண்டு பேரரசர்களின் தலை பொறித்தவை. நொய்யல் ஆற்றோடு கிழக்கே போனால் கொடுமணல். அங்கே நடந்த அகழாய்வுகளில் கல்மணி அறுத்துப் பட்டை தீட்டிய பட்டறைகளே வெளிப்பட்டன. படியூர்ப் பக்கத்துப் பச்சைக்கல்லுக்கு மேற்கே நல்ல கிராக்கி இருந்தது. கல் அங்கே போனது, காசு இங்கே வந்தது. ஆக, அகஸ்டஸின் முகத்தை வெள்ளலூர்க்காரர் ஒருவர் கையில் வைத்துப் புரட்டிப் பார்த்து இரண்டாயிரம் ஆண்டு ஆகிறது.

அதே அகஸ்டஸ் பளிங்கில் நிற்கும் பெரிய சிலை ஒன்று வாத்திகன் அருங்காட்சியகத்தில் இருக்கிறது. ரோம் நகருக்கு வெளியே பிரிமா போர்ட்டா என்ற இடத்தில் 1863இல் தோண்டி எடுத்தார்கள். மார்புக் கவசம் அணிந்து, வலக்கையை உயர்த்தி, படைக்கு ஏதோ ஆணையிடுவதுபோல நிற்பார். பள்ளிப் பாடநூல்களில்கூட அந்தப் படம் வரும். ஆனால் உயர்த்திய அந்தக் கையின் விரல்களில் பெரும்பாலானவை 1863இல் சிலை கிடைத்த பிறகு வேறொரு சிற்பி செய்து ஒட்டியவை. பேரரசர் உண்மையில் விரலை நீட்டிக் காட்டினாரா, கையில் ஈட்டி பிடித்திருந்தாரா என்று அறிஞர்கள் இன்றைக்கும் வாதாடுகிறார்கள். படத்தில் நாம் பார்க்கும் பாவனையில் பாதி பத்தொன்பதாம் நூற்றாண்டினுடையது. சிலை வெள்ளையாகவும் இருந்ததில்லை. கவசத்திலும் மேலாடையிலும் சிவப்பும் நீலமும் பூசிய தடயம் கண்டுபிடித்திருக்கிறார்கள்.

பதினைந்தாம் நூற்றாண்டின் கடைசியிலிருந்து ரோமில் வீடு கட்டத் தோண்டினாலும், திராட்சைத் தோட்டத்தில் குழி வெட்டினாலும் சிலைகள் வரத் தொடங்கின. முழுதாக வந்தவை மிகக் குறைவு. மூக்கு இல்லாமல், கை இல்லாமல், தலை இல்லாமல் வந்தன. வாங்கியவர்கள் போப்பாண்டவர்கள், கர்தினால்கள், பிரபுக்கள். தலையில்லாத உடலை மாளிகைக் கூடத்தில் நிறுத்த அவர்களுக்கு மனம் ஒப்பவில்லை. ஆகவே பழைய சிலைக்குப் புது உறுப்பு செய்வதே ரோமில் ஒரு தொழிலாக வளர்ந்தது. சாதாரண ஆட்கள் செய்த வேலை என்று நினைத்துவிடாதீர்கள். பெர்னினி என்ற மகா சிற்பி இளம் வயதில் இந்த வேலை செய்திருக்கிறார். உறங்கும் கோலத்தில் இருந்த பழைய சிலை ஒன்றுக்கு அவர் 1620இல் பளிங்கிலேயே ஒரு மெத்தை செதுக்கிக் கொடுத்தார். இன்றைக்குப் பாரிஸ் லூவர் அருங்காட்சியகத்தில் அதைப் பார்ப்பவர்களின் கை முதலில் போவது பழைய உடலை நோக்கி அல்ல, அந்த மெத்தையை அழுத்திப் பார்க்க. பதினெட்டாம் நூற்றாண்டில் கவாசெப்பி என்பவர் பெரிய பட்டறையே வைத்து, இங்கிலாந்திலிருந்து சுற்றுலா வந்த செல்வர்களுக்குப் பழுதுபார்த்த சிலைகளை விற்றார்.

லாவோகோன் கதையை மட்டும் கொஞ்சம் நின்று சொல்ல வேண்டும். டிராய் நகரத்துப் பூசாரி லாவோகோன். அவரையும் இரண்டு மகன்களையும் கடலிலிருந்து வந்த பாம்புகள் சுற்றி நெரிக்கும் காட்சி. பிளினி என்ற ரோமானிய எழுத்தாளர், டைட்டஸ் பேரரசரின் மாளிகையில் இந்தச் சிற்பம் இருந்ததாகவும், ரோட்ஸ் தீவைச் சேர்ந்த மூன்று சிற்பிகள் செய்ததாகவும் புகழ்ந்து எழுதி வைத்திருந்தார். 1506 ஜனவரியில் ரோமில் ஒரு திராட்சைத் தோட்டத்தில் அது மண்ணிலிருந்து வெளிவந்தது. செய்தி கேட்டுப் பார்க்க ஓடியவர்களில் மைக்கேலாஞ்சலோவும் ஒருவர். போப் இரண்டாம் ஜூலியஸ் அதை வாங்கி வாத்திகனில் வைத்தார். சில பகுதிகள் உடைந்துபோயிருந்தன, முக்கியமாகத் தந்தையின் வலக்கை இல்லை.

அந்தக் கை எப்படி இருந்திருக்கும்? 1530களில் மோன்டோர்சோலி என்ற சிற்பி ஒரு கை செய்து பொருத்தினார். நேராக, வானத்தை நோக்கி நீட்டிய கை. பாம்பை உதறி எறியப் போகும் வீரனின் கை. அதற்குப் பிறகு நானூறு ஆண்டுக்கு மேல் உலகம் அந்தச் சிலையை அப்படித்தான் பார்த்தது. ஐரோப்பா முழுக்க ஓவியப் பள்ளிகளில் அதன் சுண்ண அச்சு நின்றது. ஜெர்மானிய அறிஞர் லெஸ்ஸிங் 1766இல் அந்தச் சிலையின் பெயரிலேயே ஒரு நூல் எழுதினார். வேதனையிலும் நிமிர்ந்து நிற்கும் மனிதன் என்று தலைமுறை தலைமுறையாகப் பாடம் நடத்தினார்கள்.

இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் லுட்விக் போலக் என்ற தொல்பொருள் அறிஞர் ரோமில் ஒரு கல்தச்சரின் கடையில் உடைந்த பளிங்குக் கை ஒன்றைப் பார்த்தார். முழங்கையில் மடங்கி, தலைக்குப் பின்னால் போகும் கை. பாம்பின் உடல் அதைச் சுற்றியிருந்தது. இது லாவோகோனின் கைதான் என்று அவருக்குப் பட்டது. வாத்திகனுக்கே கொடுத்துவிட்டார். அங்கே அரை நூற்றாண்டு தனியாகக் கிடந்தது. 1950களின் கடைசியில்தான் சரிபார்த்துப் பொருத்தினார்கள். துளைக்குத் துளை சேர்ந்தது. புதுக் கையை எடுத்துவிட்டு, மடங்கிய பழைய கையை வைத்த பிறகு சிலையின் பொருளே மாறிவிட்டது. அவன் எதையும் உதறவில்லை. வலி அவனைப் பின்னுக்கு இழுக்கிறது, உடல் முழுவதும் உள்நோக்கிச் சுருள்கிறது. நானூறு ஆண்டு ரசித்த வீரம், பழுதுபார்த்தவர் கொடுத்த வீரம். போலக் இதைப் பார்க்க உயிரோடு இல்லை. யூதர் என்பதால் நாஜிகள் 1943 அக்டோபரில் அவரைக் குடும்பத்தோடு ரோமிலிருந்து பிடித்துக்கொண்டுபோய் ஆஷ்விட்ஸில் கொன்றார்கள். அந்தச் சிலையின் முன்னால் அவர் பெயரைச் சொல்லாமல் போவது பாவம் என்று நான் நினைக்கிறேன்.

மோன்டோர்சோலி செய்த கை தவறு. ஆனால் அந்தத் தவறைத் திருத்த முடிந்தது. அவர் ஒட்டினார், நாம் கழற்றினோம், பழையது கிடைத்ததும் வைத்தோம். எல்லாருக்கும் இந்தப் பேறு கிடைக்கவில்லை.

கிரேக்க நாட்டில் ஐகினா என்ற தீவு. அங்கே இருந்த கோயில் முகப்புச் சிற்பங்கள் 1811இல் கிடைத்தன. பவேரியாவின் இளவரசர் லுட்விக் வாங்கினார். தோர்வால்ட்சன் என்ற டென்மார்க்குச் சிற்பி, அந்தக் காலத்து உலகப் புகழ் பெற்றவர், ரோமில் வைத்து அவற்றுக்குத் தலையும் கையும் காலும் கேடயமும் செய்து பொருத்தினார். வேலை சுத்தம். எது பழையது, எது புதியது என்று கண்ணால் பிரிக்க முடியாது. ஆனால் புது உறுப்பு ஒட்டாக உட்கார வேண்டும் என்பதற்காகப் பழைய உடைப்பின் கரடுமுரடான முனையைச் சமமாக வெட்டி எடுத்துவிட்டார்கள். 1960களில் ம்யூனிக் அருங்காட்சியகத்தார் அந்தப் புது உறுப்புகளை எல்லாம் கழற்றினார்கள். கழற்றிய பிறகு மிஞ்சியது மழமழவென்று அறுத்த முனை. நாளைக்கு அந்தத் தீவில் உண்மையான கை கிடைத்தாலும், இது இதனுடையதுதான் என்று விளிம்போடு விளிம்பு வைத்துப் பார்க்க வழியில்லை. உடைந்த முனை என்பது ஒரு சாட்சி. அந்தச் சாட்சியை மகா கலைஞன் ஒருவன் நல்ல எண்ணத்தோடு அழித்தான்.

அதே காலத்தில் கனோவா என்று இன்னொரு பெரிய சிற்பி. ஏதென்ஸ் பார்த்தினன் கோயிலிலிருந்து எல்ஜின் பிரபு பெயர்த்துக்கொண்டு வந்த சிற்பங்களைப் பழுதுபார்த்துத் தரும்படி அவரிடம் கேட்டார்கள். இவற்றின்மேல் உளி வைக்க யாருக்கும் தகுதி இல்லை என்று மறுத்துவிட்டார். ஐரோப்பாவிலேயே மிகத் திறமையான கை, தொட மாட்டேன் என்று சொன்னது. ஆனாலும் அந்தச் சிற்பங்கள் தப்பவில்லை. 1937, 1938இல் லண்டன் பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் அவற்றை ‘வெள்ளையாக்க’ வேண்டும் என்று செம்பு உளியாலும் தேய்ப்புக் கற்களாலும் தேய்த்தார்கள். புது மண்டபத்துக்குப் பணம் கொடுத்த செல்வருக்குச் சிலை வெள்ளைவெளேரென்று இருக்க வேண்டும். இரண்டாயிரத்து நானூறு ஆண்டில் பளிங்கின்மேல் படிந்திருந்த தேன் நிறம் பல இடங்களில் போய்விட்டது. அழுக்கு என்று நினைத்துச் சுரண்டினார்கள். அதோடு சேர்ந்து சிற்பியின் கருவி போன தடமும் போயிற்று.

இனி நம் வீட்டுக்கு வருவோம்.

சென்னை எழும்பூர் அருங்காட்சியகத்தில் அமராவதிச் சிற்பங்களைப் பார்த்திருப்பீர்கள். ஆங்கிலேயர் அவற்றை ‘மார்பிள்’ என்றே அழைத்தார்கள். உண்மையில் அது பல்நாட்டுச் சுண்ணாம்புக்கல். 1845இல் வால்டர் எலியட் தோண்டிச் சென்னைக்கு அனுப்பினார். அதில் பெரும் பகுதி 1859இல் லண்டனுக்குக் கப்பலேறியது. இங்கே இருந்தவற்றைப் பிற்பாடு சுவரில் பதித்துச் சிமெண்டுக் காரை பூசி நிறுத்தினார்கள். பத்திரமாக இருக்கட்டும் என்றுதான் செய்தார்கள். ஆனால் சுவரின் ஈரமும் உப்பும் கல்லுக்குள் ஏறின. மேற்பரப்பு பொரிந்து உதிரத் தொடங்கியது. புத்தரின் காலடியில் வணங்கி நிற்பவர்களின் முகங்களை அரித்தது அந்தக் காப்புச் சுவர்.

தஞ்சைப் பெரிய கோயிலில் நடந்தது இதற்கு எதிர்த் திசைக் கதை. கருவறையைச் சுற்றியுள்ள உள்சுற்றில் நாயக்கர் கால ஓவியத்துக்கு அடியில் சோழர் கால ஓவியம் மறைந்திருப்பதை 1931இல் எஸ்.கே. கோவிந்தசாமி கண்டுபிடித்தார். மேலே இருந்ததும் முந்நூறு ஆண்டுப் பழையது. அதைச் சுரண்டி எறிந்துவிட்டுச் சோழ ஓவியத்தைக் காட்டியிருக்கலாம். தொல்லியல் துறையினர் அப்படிச் செய்யவில்லை. நாயக்கர் ஓவிய அடுக்கைப் பிய்ந்துபோகாமல் பிரித்தெடுத்து வேறு பலகையில் ஏற்றிக் காப்பாற்றினார்கள். இரண்டும் இருக்கின்றன. இந்த நாட்டில் அந்தப் பொறுமையும் திறமையும் உண்டு என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டாம்.

இப்போது பேரூர். நாம் எல்லாரும் போய் வந்த கோயில். பட்டீசுவரர் கோயிலின் கனகசபை மண்டபம் பதினேழாம் நூற்றாண்டில் மதுரை நாயக்க மரபினரான அழகாத்திரி நாயக்கர் கட்டியது. ஊர்த்துவ தாண்டவர், ஆலங்காட்டுக் காளி, யானையை உரித்தவர், பிட்சாடனர், வீரபத்திரர் என்று ஆளுயரத்துக்கு மேல் தூணோடு தூணாக நிற்கும் சிற்பங்கள். விதானத்தில் தொங்கும் கல் சங்கிலியைக் குழந்தைகளுக்குக் காட்டாத கொங்கு நாட்டுத் தகப்பன் இருக்க முடியாது. அந்தக் காலத்தில் சிற்பிகள் ஒப்பந்தம் எழுதும்போது, எந்தக் கோயிலில் இருப்பதுபோல வேண்டுமானாலும் செய்து தருகிறோம், சில கோயில்களின் வேலை மட்டும் நீங்கலாக என்று எழுதிக்கொள்வார்கள் என ஒரு பேச்சு வழங்கி வருகிறது. அந்த விலக்குப் பட்டியலில் பேரூரையும் தாரமங்கலத்தையும் சேர்த்துச் சொல்லும் பெரியவர்கள் நம் பக்கத்தில் நிறைய உண்டு.

பளிங்கு மென்மையான கல். சுண்ணாம்பு வகை. இரும்புக் கத்தியால் கீறல் போடலாம், துளை போட்டு ஆணி இறக்கி உறுப்பை மாட்டலாம். அதனால்தான் ரோமில் ஒட்டு வேலை அவ்வளவு நடந்தது. அந்த இரும்பு ஆணிகள் துருப்பிடித்து உப்பிப் பிறகு சிலைகளையே பிளந்தன என்பது வேறு கதை. நம்முடையது கருங்கல். உளியை ஒவ்வொரு அடிக்கும் திருப்பித் தீட்ட வைக்கும் கல். பேரூர் சிற்பத்தில் விரல் நகமும், கழுத்து மாலையின் மணியும், யானைத் தோலின் விளிம்பும் வந்திருக்கின்றன என்றால், கடைசி நகாசு வேலையில் அந்தச் சிற்பி எத்தனை நாள் சிற்றுளியும் தேய்ப்புக் கல்லும் தண்ணீருமாக உட்கார்ந்திருப்பான் என்று எண்ணிப் பாருங்கள். திருமுருகன்பூண்டிப் பக்கம் போகும்போது சாலையோரச் சிற்பக் கூடத்தில் பத்து நிமிடம் நின்று கவனியுங்கள். உருவம் எழும்புவது சீக்கிரம் நடந்துவிடும். முகத்துக்கு உயிர் வருவதற்குத்தான் நாள் பிடிக்கும். அந்த உயிர் முழுவதும் கல்லின் மேற்பரப்பில், ஒரு நூல் கனத்துக்குள் இருக்கிறது.

அந்த ஒரு நூல் கனத்தைத்தான் நாம் சில மணி நேரத்தில் இழக்கிறோம். சாண்ட் பிளாஸ்டிங் என்கிறார்களே, மணல் வீச்சு, கம்ப்ரஸர் வைத்து மணலை வேகமாகப் பீய்ச்சி அடிப்பது, அதைச் சொல்கிறேன். இரும்புப் பாலத்தின் துருவை எடுக்கப் பயன்படும் முறை அது. குடமுழுக்குக்கு நாள் குறித்தாகிவிட்டது, எண்ணெய்ப் பிசுக்கும் சுண்ணாம்புப் பூச்சும் சீக்கிரம் போக வேண்டும், ஒப்பந்தக்காரருக்கும் அதுதான் எளிது. தமிழ்நாட்டில் பல கோயில்களில் அடித்தார்கள். அடித்து முடித்தால் கல் வெளிறிப் பளிச்சென்று இருக்கும், வந்தவர்களும் கோயில் புதுசாகிவிட்டது என்று மகிழ்வார்கள். கிட்டப் போய்ப் பாருங்கள். அம்மியைக் கொத்தி வைத்ததுபோல முகம் முழுவதும் பொடிப்பொடிக் குழி. மூக்கு நுனி மழுங்கியிருக்கும், உதட்டுக் கோடு மறைந்திருக்கும். கல்வெட்டு இருந்தால் இன்னும் மோசம். ஒரு மில்லிமீட்டர், இரண்டு மில்லிமீட்டர் ஆழத்தில் வெட்டிய எழுத்து, ஒரு வீச்சில் படிக்க முடியாமல் போகும். அந்த ஊரில் யார் எவ்வளவு நிலம் கொடுத்தார், எந்தக் குளத்தை யார் வெட்டினார் என்பதற்கு வேறு பத்திரம் கிடையாது. பலன் என்று பார்த்தாலும் ஒன்றுமில்லை. மெருகு போன கல்லின் குழிகளில் தூசியும் எண்ணெயும் முன்னைவிடச் சீக்கிரம் சேரும், மழை ஈரம் தங்கும், பாசி பிடிக்கும். அடுத்த முறை இன்னும் பலமாக அடிக்கத் தோன்றும்.

லண்டனில் 1938இல் தேய்ப்புக் கல் வைத்துத் தேய்த்தவர்களும் இதையேதான் செய்தார்கள். அவர்களுக்கும் வேண்டியது ஒரு திறப்பு விழா, ஒரு பளபளப்பு.

மாற்று வழி இல்லாமல் இல்லை. தொல்லியல் துறையினர் பல்லாண்டுகளாகச் செய்வது: மென்மையான தூரிகை, தண்ணீர், நீர்த்த அம்மோனியா, காரமில்லாத சோப்புக் கரைசல். உப்பு ஏறிய கல்லுக்கு ஈரக் காகிதக் கூழை அப்பி வைத்து, காய்ந்ததும் எடுப்பார்கள். உப்பு கூழோடு வந்துவிடும். நாள் பிடிக்கும். ஆள் கூலி கூடும். கல் மிஞ்சும்.

இங்கே ஒரு மறுப்பு எழும். அது சரியான மறுப்பு, அதைத் தட்டிக்கழிக்க நான் விரும்பவில்லை. “ரோமில் இருப்பது காட்சிப் பொருள், யாரும் அதைக் கும்பிடுவதில்லை. எங்கள் கோயிலில் இருப்பது சாமி. மூளியான சிலையை வைத்துப் பூசை செய்யக்கூடாது. பாலாலயம் செய்து, திருப்பணி முடித்து, அஷ்டபந்தன மருந்து சாத்தி, பன்னிரண்டு ஆண்டுக்கு ஒரு முறை குடமுழுக்கு நடத்துவது எங்கள் முறை. அருங்காட்சியகத்துக்காரன் சொல்வதைக் கேட்டுக் கோயிலைப் பாழாகப் போட முடியுமா?” என்று ஸ்தபதி கேட்பார், ஊர்ப் பெரியவர் கேட்பார். கோயில் உயிரோடு இருப்பதே அந்தப் புதுப்பிப்பால்தான். நம் முன்னோர் அப்படி விடாமல் செய்து வந்ததால்தான் ஆயிரம் ஆண்டுக் கோயிலில் இன்றைக்கும் விளக்கு எரிகிறது. ஐகினாக் கோயிலில் எரியவில்லை.

ஆனால் நம் மரபு எல்லாவற்றையும் ஒரே கணக்கில் புதுப்பிக்கச் சொல்லவில்லை. கோபுரத்துச் சுதை உருவம் இருக்கிறது. சுண்ணாம்பும் மணலும் கடுக்காய்ச் சாறும் வெல்லமும் சேர்த்துச் செய்தது. வெயிலிலும் மழையிலும் உதிரும் என்று தெரிந்தேதான் செய்தார்கள். அது உதிரும்போது மறுபடி செய்வது, வண்ணம் தீட்டுவது எல்லாம் முறையான வேலை. அதே முறையான சுண்ணாம்பில் செய்ய வேண்டும் என்பது மட்டும் என் வேண்டுகோள். சிமெண்டு வேண்டாம். கருவறை மூர்த்திக்கு ஆகமத்தில் தனி விதி உண்டு. முக்கிய உறுப்பு பின்னமானால் ஒரு வழி, சிறிய உறுப்பு சிதைந்தால் வேறு வழி என்று வகுத்திருக்கிறார்கள். தானாகத் தோன்றிய லிங்கத்தை யாரும் மாற்றுவதில்லை. பேரூர்ப் பட்டீசுவரரையே பாருங்கள். புற்றில் இருந்த லிங்கத்தின்மேல் காமதேனுவின் கன்று பட்டியின் குளம்பு பட்ட தழும்பு இருப்பதாகத் தல புராணம் சொல்கிறது. அந்தத் தழும்பை யாரும் பூசி மறைக்கவில்லை. தழும்போடுதான் அவர் நமக்குச் சாமி.

ஆக, சுதையைப் புதுப்பிக்கலாம். மூலவர் விஷயத்தை ஆகமம் அறிந்தவர்களிடம் விட்டுவிடலாம். எஞ்சியிருப்பது மண்டபத் தூண், கோட்டத்துச் சிற்பம், சுவர்க் கல்வெட்டு, அடித்தளத்து யாளி வரிசை. இவற்றை மணல் வீசித் தேய்க்க வேண்டும் என்று எந்த ஆகமமும் சொல்லவில்லை. கல் தளத்தைப் பெயர்த்து எறிந்துவிட்டு டைல்ஸ் ஒட்டச் சொல்லவில்லை. நூற்றாண்டு கண்ட தூணுக்கு ஆயில் பெயிண்ட் அடிக்கச் சொல்லவில்லை. இவையெல்லாம் நம் காலத்து அவசரமும் நம் காலத்து உபயதாரர் பலகைகளும் செய்யும் வேலை. மரபின்மேல் அந்தப் பழியைப் போடக்கூடாது.

இதை நான் மட்டும் சொல்லவில்லை. 2017இல் யுனெஸ்கோவின் குழு ஒன்று தமிழ்நாட்டுக் கோயில்களை நேரில் பார்த்துச் சென்னை உயர் நீதிமன்றத்துக்கு அறிக்கை கொடுத்தது. தகுதியுள்ள பாதுகாப்பு வல்லுநர்கள் இல்லாமலே பழுதுபார்ப்பு நடப்பதை அது சுட்டிக்காட்டியது. 2015 ஜனவரியில் ‘தி இந்து’ நாளிதழில் வெளிவந்த ஒரு வாசகர் கடிதத்தையே வழக்காக எடுத்துக்கொண்ட உயர் நீதிமன்றம், 2021 ஜூன் 7 அன்று நீதிபதிகள் ஆர். மகாதேவன், பி.டி. ஆதிகேசவலு அமர்வில் 75 உத்தரவுகளைப் பிறப்பித்தது. பழமையான கோயிலில் கை வைக்கும் முன் பாரம்பரியம் அறிந்த வல்லுநர்களின் ஒப்புதல் வேண்டும் என்பது அவற்றில் ஒன்று. ஒரு வாசகர் கடிதம் இவ்வளவு தூரம் போயிருக்கிறது. அறநிலையத் துறையிலும் இன்று திருப்பணிக்கு முன் வல்லுநர் குழுக்களின் பார்வைக்குப் போகும் நடைமுறை இருக்கிறது. ஆனால் எந்தக் குழுவும் ஒவ்வொரு கிராமத்துக் கோயிலின் வாசலிலும் உட்கார்ந்திருக்க முடியாது. வெள்ளலூர்த் தேனீஸ்வரர் கோயிலில் என்ன நடக்கிறது என்று வெள்ளலூர்க்காரருக்குத்தான் முதலில் தெரியும்.

ஐரோப்பியர் பெரிய விலை கொடுத்துக் கற்ற பாடம் 1964இல் வெனிஸ் நகரில் கூடிய வல்லுநர்களின் சாசனத்தில் இருக்கிறது. இல்லாமல் போன பகுதிக்குப் புதிதாக ஒன்று வைத்தால் அது முழுமையோடு இசைந்து போக வேண்டும், ஆனால் பழையதிலிருந்து பிரித்து அறியும்படியும் இருக்க வேண்டும் என்கிறது அது. நம் சூழலில் இதை எப்படிப் பொருத்துவது? உடைந்துபோன தூணுக்குப் பதில் புதுத் தூண் வைக்கிறீர்கள், வையுங்கள். நம் ஸ்தபதிகள் அதில் யாருக்கும் இளைத்தவர்கள் அல்ல. அடியில் ஓர் ஓரமாக ஆண்டை வெட்டி வையுங்கள். நூறு ஆண்டு கழித்து வருகிற மாணவன் இதையும் நாயக்கர் தூண் என்று நினைத்து ஏமாற மாட்டான். இன்றைக்குச் செய்த சிற்பிக்கும் அது மரியாதை. கழற்றிய பழைய கல்லை லாரியில் ஏற்றி அனுப்பாதீர்கள். கோயில் வளாகத்திலேயே ஒரு மூலையில், மண் படாமல் மேடையிட்டு வையுங்கள். கல்தச்சர் கடையில் கிடந்த அந்தக் கை சுண்ணாம்பாகச் சுடப்படாமல் தப்பியதால்தான் லாவோகோன் திரும்பக் கிடைத்தான்.

இளைஞர்களுக்கு ஒரு வேலை சொல்கிறேன். உங்கள் எல்லார் கையிலும் கைப்பேசி இருக்கிறது. உங்கள் ஊர்க் கோயிலில் படம் எடுக்க அனுமதி உள்ள இடங்களில், திருப்பணி தொடங்கும் முன், ஒவ்வொரு தூணையும் நாலு பக்கமும், ஒவ்வொரு கல்வெட்டையும் காலை வெயில் பக்கவாட்டில் விழும் நேரத்தில் படம் எடுத்து வையுங்கள். எழுத்து நன்றாகத் தெரியும். தேதி போட்டு, கோயில் அலுவலகத்துக்கு ஒரு படி, பள்ளி நூலகத்துக்கு ஒரு படி கொடுங்கள். எந்தக் கல் எங்கே இருந்தது என்று நாளைக்கு ஒருவர் கேட்டால் பதில் சொல்ல அது ஒன்றுதான் இருக்கும்.

பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். திருப்பணிக்கு உபயம் கேட்டு வருவார்கள். கட்டாயம் கொடுங்கள். கொடுப்பவருக்குக் கேட்கும் உரிமையும் உண்டு. கல்லை எதைக்கொண்டு சுத்தம் செய்யப் போகிறீர்கள், கல்வெட்டை யார் பார்த்திருக்கிறார்கள், வல்லுநர் குழு எழுதிக் கொடுத்த ஒப்புதல் எங்கே என்று மரியாதையாகக் கேளுங்கள். கம்ப்ரஸர் வண்டி கோயில் வாசலுக்கு வந்த பிறகு கேட்டுப் பயனில்லை. நோட்டில் தொகையை எழுதும் முன்பே கேட்டுவிடுங்கள்.